சுவரில் ஒரு புகைவண்டி

சென்னையின் உணவகங்களிலும், துணிக்கடைகளிலும், புதிதாகக் குடியேறிய அடுக்குமாடி வீடுகளின் கூடங்களிலும் ஒரு வகைப் படம் இன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு நீராவி எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. பெரும்பாலும் தண்டவாளத்தின் இருமருங்கிலும் பனி கொட்டிக் கிடக்கிறது. 'இது எந்த ஊர் வண்டி?' என்று கேட்டுப் பாருங்கள். விற்றவருக்கும் தெரியாது, வாங்கி மாட்டியவருக்கும் தெரியாது. சுவர் வெறுமையாக இருந்தது, படம் அழகாக இருந்தது, மாட்டினார்கள். அழகு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலிலேயே புகைவண்டி ஓடிய ஊரில் இருந்துகொண்டு, பெயர் தெரியாத நாட்டின் பெயர் தெரியாத வண்டியைப் போற்றுவானேன் என்பதுதான் என் கேள்வி. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இயற்பியல் கற்பிக்கும் நான் ஒளிப்படக் கலையில் பொழுதைப் போக்குபவன். ஆகவே மாணவ நண்பர்கள் இதில் சிறிது பாடமும், சிறிது பொழுதுபோக்கும், சிறிது ஆதங்கமும் கலந்திருக்கக் காண்பீர்கள்.

நான் வசிப்பது இரும்புலியூர். தாம்பரம் நிலையத்திற்குத் தெற்கே, பெருங்களத்தூருக்குப் போகும் வழியில், இருப்புப்பாதையை ஒட்டிக் கிடக்கும் ஊர். இதன் இருப்பிடத்தில் ஒரு சிறப்பு உண்டு. 1931-இல் தென்னிந்திய ரயில்வே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார வண்டிகளை ஓடவிட்டது. மீட்டர்கேஜ் பாதையில் அது பெரிய புதுமை. ஆனால் மின்கம்பி தாம்பரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால், செங்கற்பட்டு, விழுப்புரம் என்று தெற்கே நீண்ட பாதை முழுவதும் நீராவியின் ஆட்சிதான். 1960-களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீளும் வரையில் இதுவே நிலை. அதாவது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மின்சாரம் முடிந்து கரியும் தண்ணீரும் தொடங்கிய எல்லைக்கோட்டில் எங்கள் ஊர் இருந்திருக்கிறது. வடக்கே பார்த்தால் புது யுகம், தெற்கே பார்த்தால் பழைய யுகம்! இப்படி வாய்ப்பான இடத்தில் அன்று யாரேனும் ஒரு காமிராவோடு நின்றிருந்தால் எத்தகைய படங்கள் கிடைத்திருக்கும்! எனக்குத் தெரிந்து எவர் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு படம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு என் அன்னையார் சொன்ன விடை போதும். நீராவி வண்டியின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் ஆணி அடிக்க முனைந்தபோது அவர் கூறியது: "அந்தக் கரி எஞ்சினையா மாட்டப் போறே? கொடியிலே காயப்போட்ட வெள்ளை வேட்டியெல்லாம் புள்ளி புள்ளியா ஆக்கினது அதுதானேடா!" அதனோடு வாழ்ந்தவர்களுக்கு அது துணி துவைக்கும் வேலையை இரட்டிப்பாக்கிய ஒரு பொருள். அது போய்த் தொலைந்த பிறகுதான் நமக்கு அழகாகத் தெரிகிறது. இருக்கட்டும்; அழகு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

நீராவி எஞ்சின் கறுப்பு வெள்ளைப் படத்திற்கென்றே செய்தது போன்ற பொருள். அதன் உடல் கறுப்பு, மூச்சு வெள்ளை. ஒரே பொருளில் ஒளியின் இரு துருவங்களும் அடங்கிவிடுகின்றன. இடையில் எண்ணெய் படிந்த இணைப்புத் தண்டுகளின் பளபளப்பு, சக்கரத்தின் மங்கிய சாம்பல் நிறம், தண்டவாளத்தின் வெள்ளிக் கோடு என்று எத்தனையோ படிகள். வண்ணம் அகன்றவுடன் வடிவமும் ஒளியும் மட்டும் நிற்கின்றன. வண்ணத்தில் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1983-இல் ஸ்டீவ் மெக்கரி ஆக்ராவில் எடுத்த, தாஜ்மகாலுக்கு முன்னே நீராவி எஞ்சின் நிற்கும் புகழ்பெற்ற படம் வண்ணப்படம்தான். ஆனால் அத்தகைய பின்னணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை அன்றோ?

இங்கே ஒரு சிறு பாடம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் 'ஆவி' என்று காட்டும் வெண்மேகம் உண்மையில் ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். வீட்டில் கொதிக்கும் கெண்டியின் மூக்கைக் கூர்ந்து பாருங்கள். மூக்கின் வாயிலில் விரலளவு இடம் வெறுமையாக இருக்கும். அதற்கு அப்பால்தான் வெண்மை தொடங்கும். அந்த வெறும் இடத்தில்தான் மெய்யான நீராவி இருக்கிறது. எஞ்சினின் புகைபோக்கி வாயிலும், திறந்துவிட்ட குழாய் முனையிலும் இந்த இடைவெளியை நல்ல படத்தில் காணலாம். காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் மேகம் அடர்ந்து, நெடுநேரம் நின்று, வண்டியின் மேல் வால்போல் நீளும். சித்திரை மாதத்து நண்பகலில் நம் ஊர்க் காற்று அந்தத் துளிகளைக் கணத்தில் குடித்துவிடும். எஞ்சின் மூச்சே விடாதது போலத் தோன்றும். ஆகவே நீராவி வண்டியைப் படம் எடுக்க மார்கழி விடியற்காலைக்கு இணையான வேளை தென்னாட்டில் இல்லை.

வெண்மை ஒன்று, கருமை வேறொன்று. உருளைகளில் வேலை செய்து முடித்த ஆவி புகைபோக்கியின் அடியில் ஒரு குழாய் வழியே மேல்நோக்கிப் பீய்ச்சப்படுகிறது. அந்த வீச்சு அடுப்பின் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது; அதனால் நெருப்பு கனன்று எரிகிறது. வண்டி வேகமெடுக்க எடுக்க ஆவி கூடுதலாக வெளியேறும். நெருப்பும் தானே கூடுதலாக எரியும். எத்தனை எளிய ஏற்பாடு! குழந்தைகள் வாயால் செய்து காட்டும் 'குப் குப்' ஓசை இந்த வீச்சின் ஓசையே. இரண்டு உருளை எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு முறை கேட்கும். புகை கறுப்பாக வந்தால் கரி முழுதும் எரியவில்லை என்று பொருள். அந்தக் கருமை எரியாத கரியின் துகள். என் அன்னையாரின் வேட்டிப் புள்ளிகளுக்கும் அதுவே பிறப்பிடம்.

சத்யஜித் ரே தம் 'பதேர் பாஞ்சாலி' படத்தில் (1955) இவ்விரு நிறங்களையும் கையாண்ட விதம் எண்ணி வியத்தற்குரியது. வெள்ளை வெளேரென்று பூத்த நாணல் காட்டின் ஊடே சிறுவனும் அவன் அக்காளும் ஓட, தொலைவில் வண்டி கரும்புகையோடு செல்கிறது. வெள்ளைப் பூவுக்கு எதிரே வெள்ளை ஆவி எடுபடாது என்று அவருக்குத் தெரியும். கரும்புகை தக்க இடத்தில் எழ வேண்டும் என்பதற்காகப் படக்குழுவில் ஒருவரை எஞ்சினிலேயே ஏற்றிவிட்டாராம். தக்க நேரத்தில் கரியைக் கூடுதலாக அள்ளிப் போடச் செய்வதற்குத்தான்.

இந்தச் செய்தியை எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஃபயர்மேன் ஒருவரிடம் நான் ஒருநாள் ஆர்வத்தோடு சொன்னேன். விழுப்புரம் லோகோ ஷெட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். நான் மாட்டியிருந்த படத்தையும் அவருக்குக் காட்டினேன். வானத்தையே மறைக்கும் அளவுக்குக் கரும்புகை நிறைந்த படம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "சார், போட்டோவுக்குப் புகை அழகாத்தான் இருக்கும். எங்களுக்கு அது மெமோ" என்றார்.

எனக்கு அது புதிய பாடம். கரும்புகை என்றால் கரி வீண் என்று பொருள். கரியைச் சிறிது சிறிதாக, நெருப்புப் படுக்கை முழுதும் சமமாக விரியும்படி அள்ளி வீசி, காற்றுக் கதவை அளந்து திறந்து, மேலே மெல்லிய சாம்பல் நிறப் புகை மட்டும் வரும்படி பார்த்துக்கொள்பவனே கைதேர்ந்த ஃபயர்மேன். புகைபோக்கியைப் பார்த்தே உள்ளே இருப்பவன் தேர்ந்தவனா, கற்றுக்குட்டியா என்று மேலதிகாரி சொல்லிவிடுவாராம். ஆக, நாம் சுவரில் மாட்டிக் கொண்டாடுகிற படங்களில் பாதி, ஒரு தொழிலாளி தன் தொழிலில் சறுக்கிய கணத்தின் படங்கள்; அல்லது காமிராவுக்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட சறுக்கல்கள். இன்றும் வெளிநாடுகளில் ஒளிப்படக்காரர்கள் பணம் கட்டிப் பழைய வண்டியை ஓடச் செய்து, குறித்த இடத்தில் கரும்புகை விடச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பெரியவருக்கு இதைச் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார்.

இதனால் புகையுள்ள படம் பொய் என்று ஆகிவிடாது. ஏற்றத்தில் ஏறும்போதும், நின்ற வண்டி புறப்படும்போதும் புகை வரத்தான் செய்யும். ஆனால் புகையை மட்டும் பார்க்கிற கண் ஒன்றை விட்டுவிடுகிறது. எஞ்சினுக்குள் ஆள் இருக்கிறான் என்பதை. 1902-இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கு நகரின் வண்டித் திடலில் ஒரு நீராவி எஞ்சினைப் படம் எடுத்து, அதற்கு 'மனிதனின் கை' என்று பொருள்படும் பெயர் சூட்டினார். படத்தில் மனிதனே தெரிவதில்லை, பெயரால் நினைவூட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஓ. வின்ஸ்டன் லிங்க் இன்னும் ஒருபடி மேலே போனார். அமெரிக்காவின் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வே நீராவியைக் கைவிடப்போகிறது என்று அறிந்து, 1955 முதல் 1960 வரை தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, பெரும்பாலும் இரவிலேயே படம் எடுத்தார். பகல் ஒளி தம் விருப்பப்படி விழாது. இரவில் விளக்குகள் தம் கையில். இதுதான் அவர் கணக்கு. 1956-இல் எடுத்த ஒரு படத்திற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகளை ஒரே நொடியில் எரியவிட்டார். திறந்தவெளித் திரையரங்கில் மோட்டார் வண்டிக்குள் இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் அமர்ந்திருக்கிறார்கள். திரையில் ஒரு விமானம். அப்பால் நீராவி வண்டி வெண்ணிற வாலோடு பாய்கிறது. லிங்க் எடுத்த படங்களில் எங்கும் மனிதர்கள் இருப்பார்கள். தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் கிழவர், ஓடையில் குளிக்கும் சிறுவர், நிலையத்து ஊழியர். வண்டி அவர்கள் வாழ்வின் ஊடே போகிறது. அந்தப் படங்களுக்கென்றே 2004-இல் ரோனோக் நகரின் பழைய ரயில் நிலையத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சுவரில் மாட்டத் தகுந்த படம் எது என்று என்னைக் கேட்டால் அவற்றைத்தான் காட்டுவேன்.

நம் நாட்டில் லிங்க் போன்ற ஒருவர் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய காலம் 1970-களும் 80-களும். எழும்பூர்ப் பக்கத்து மீட்டர்கேஜ் பாதைகளில் 'ஒய்.பி.' என்ற பயணி வண்டி எஞ்சின்கள் ஓடின. 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் இந்த வகையில் செய்யப்பட்டன; அவற்றுள் பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் நம்மவர் கையால் உருவானவை. சென்ட்ரல் பக்கத்து அகலப்பாதையில் குண்டு மூக்கும், மூக்கில் நட்சத்திரமும் கொண்ட 'டபிள்யூ.பி.' எஞ்சின்கள். அகலப்பாதையில் நீராவியின் வழக்கமான ஓட்டம் 1995 டிசம்பரோடு முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர்கேஜிலும் முடிந்தது. தாம்பரத்திற்கும் எழும்பூருக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையே 2004-இல் விடைபெற்றது. அந்தக் காலத்தில் படம் எடுக்க வந்தவர்களுள் இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி வந்த ஆர்வலர்கள் கணிசமானவர்கள். நம்மவர்க்கோ பில்ம் விலையே தடையாக இருந்தது. ஒரு சுருளில் 36 படம் என்றால் முப்பதும் திருமணத்திற்கும் காதுகுத்துக்கும் போய்விடும்.

எனினும் பில்ம் நம் மாநிலத்திலேயே தயாரானது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பில்ம்ஸ் என்னும் அரசு நிறுவனம் உதகமண்டலத்தில் இருந்தது. 'இந்து' என்பது அதன் முத்திரைப் பெயர். நிலவு என்று பொருள். கறுப்பு வெள்ளைப் பில்ம், பிரிண்டு போடும் தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பில்ம் எல்லாம் அங்கே உருவாயின. நான் பிரிண்டு போடக் கற்றுக்கொண்டது இந்து தாளில்தான். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. சன்னலுக்குக் கறுப்புத் துணி, மேலே சிவப்பு பல்பு, பலகையின் மேல் மூன்று தட்டுகள். முதல் தட்டில் டெவலப்பர், அடுத்ததில் அமிலம் கலந்த நீர், மூன்றாவதில் ஹைப்போ. டெவலப்பர் 20 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று தாளின் உறையில் அச்சடித்திருப்பார்கள். வைகாசி மாதத்தில் எங்கள் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தாண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் ஐஸ் கட்டி வாங்கி வந்து, பெரிய தாம்பாளத்தில் போட்டு, அதன் நடுவில் டெவலப்பர் தட்டை வைப்பேன். வெண்தாளில் முதலில் சக்கரத்தின் கருமை எழும். பிறகு கொதிகலத்தின் வளைவு. கடைசியில், இனி வராது என்று எண்ணும் வேளையில், ஆவியின் மெல்லிய மடிப்புகள் ஒவ்வொன்றாக எழும். அந்த ஒன்றரை நிமிடத்திற்கு ஈடாக இன்றைய கணினியில் எதையும் நான் காணவில்லை. அந்த நிறுவனம் இப்போது இல்லை. டிஜிட்டல் அலையில் நலிந்து மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது இருந்த அதே நீலகிரியில் நீராவி வண்டி இன்றும் ஓடுகிறது என்பது வேடிக்கையான செய்தி.

ஆம், படம் எடுக்க விரும்புவோர் போக வேண்டிய இடம் மேட்டுப்பாளையம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட மலைப்பாதை. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கல்லாறு நிலையத்திற்கு மேல் 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த 'எக்ஸ்' வகை எஞ்சின்களும், அவற்றைப் பார்த்துத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர் செய்த எஞ்சின்களும் இங்கே உழைக்கின்றன. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏறும்போது எஞ்சின் வண்டிக்குப் பின்னால் இருந்து தள்ளும். முன்னால் வரும் என்று காத்திருப்பவர் முதலில் காண்பது பெட்டியின் முகப்பில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஏந்தி நிற்கும் பிரேக்ஸ்மேனைத்தான். ஏமாற வேண்டாம், அந்த மனிதரும் படத்திற்கு உரியவரே. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் நின்று, கொடியசைவைப் பார்த்துப் பிரேக்கைப் பிடிக்கிறார். மலையும் புகையும் நிறைந்த ஆயிரம் படங்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் கையைக் காட்டும் படம் அரிதினும் அரிது.

மலைக்குப் போக இயலாதவர்கள் சென்னையிலேயே ஐ.சி.எஃப். அருகில் 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்திற்குப் போகலாம். அங்கே எஞ்சின்கள் ஓடா. ஆனால் அசையாத எஞ்சினில்தான் கண் பழகும். முழு எஞ்சினையும் ஒரே படத்தில் அடைக்க முயலாதீர்கள். ஒரு சக்கரம், அதன் மேல் மாலை வெயில், இணைப்புத் தண்டின் ஓர் ஆணி. அது போதும் ஒரு சுவருக்கு.

எக்ஸ்போஷர் பற்றி ஒரு சொல். காமிராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குச் சொல்லும். படத்தில் கறுப்பு எஞ்சின் நிறைந்திருந்தால், 'ஒளி குறைவு' என்று எண்ணி அதிக ஒளியை விடும். ஆவி வெளுத்து வெறும் தாளாகிவிடும். வெண்மேகம் நிறைந்திருந்தால் நேர்மாறு, எஞ்சின் கரிக்கட்டியாகிவிடும். பில்மில் எடுப்பவர் நிழல் பகுதிக்கு அளவெடுக்க வேண்டும். டிஜிட்டலில் எடுப்பவர் வெண்மைக்கு அளவெடுக்க வேண்டும். ஏனெனில் பில்மில் இழந்த நிழலும், டிஜிட்டலில் இழந்த வெண்மையும் திரும்பக் கிடைப்பதில்லை. வானம் நீலமாக இருந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு கண்ணாடியை லென்சின் முன் மாட்டுங்கள். வானம் இருண்டு ஆவி துலங்கும். சூரியன் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தால் ஆவி விளக்குப்போல் ஒளிரும். இவ்வளவும் செய்யத் தண்டவாளத்தில் இறங்க வேண்டியதில்லை. இறங்குவது குற்றம், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவைச் சட்டம் படிக்கும் நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புலியூரில் பாதையோரம் வசிப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். கைப்பேசியும் கையுமாக நின்ற பிள்ளைகளின் கதைகளை இங்கே நிறையக் கேட்டாயிற்று.

புதிதாக எடுப்பதைவிட அவசரமான வேலை வேறொன்று இருக்கிறது. தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பகுதிகளில் ரயில்வேக் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளில் பழைய படங்களும் நெகடிவ்களும் கிடக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் எத்தனை ஆல்பங்களைச் சேறாக்கிற்று என்பதை முடிச்சூர்வாசிகள் அறிவர். நனைந்த படங்களைப் பிரிக்காமல் வெயிலில் காயவைத்தவர்களுக்கு ஒரே கட்டியாக ஒட்டிய அட்டைதான் மிஞ்சிற்று. செய்ய வேண்டியது வேறு: ஈரம் உலருமுன் சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, மெதுவாகப் பிரித்து, படமுள்ள பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். நெகடிவ்களில் புளித்த காடி வாசனை வந்தால் அதன் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஸ்கேன் செய்துவிட வேண்டும். 35 மில்லிமீட்டர் நெகடிவ் ஒன்றை அங்குலத்திற்கு 4000 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால், 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் பிரிண்டு குறையின்றி வரும். ஒரு சுவருக்கு அது தாராளம்.

மேலே சொன்ன ஃபயர்மேன் பெரியவரின் பெட்டியிலிருந்து கிடைத்த படத்தை அப்படித்தான் நான் பெரிதாக்கினேன். டிரைவர் ஒருவர் ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படம். மாலை போட்ட டிரைவர் நடுவில். சுற்றிலும் எட்டுப் பேர். பின்னால் ஒரு 'ஒய்.பி.' எஞ்சின். புகை துளியும் இல்லை. கலைநயம் என்று சொல்ல எதுவும் இல்லை. எடுத்தவர் விழுப்புரத்து ஸ்டூடியோக்காரராக இருக்கலாம், எல்லோரையும் நேராக நிறுத்தி வைத்து எடுத்திருக்கிறார். ஆனால் வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு முகத்தின் கோடும், ஒவ்வொரு சட்டையின் எண்ணெய்க் கறையும், எஞ்சினின் திருகாணிகளும் ஒரே தெளிவோடு நிற்கின்றன. ஒன்பது பேரில் ஐவர் பெயரைப் பெரியவர் சொன்னார். நால்வர் பெயர் அவர் நினைவில் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரும் மறைந்தார். என் வீட்டுக் கூடத்தில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. அன்னையார் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. "இதுலே ஆளுங்க இருக்காங்க" என்று விட்டுவிட்டார்.

மாட்டும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். சட்டம் போடும் கடையில் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிடுவார்கள், விடாதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். இடையில் அமிலம் சேராத அட்டையில் சாளரம் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். ஓரம் நான்கு பக்கமும் தாராளமாக, அடிப்பக்கம் சிறிது கூடுதலாக இருக்கட்டும். சட்டம் மெல்லியதாக, கறுப்பாக இருந்தால் போதும். பொன்முலாம் பூசியது சாமி படத்திற்கே அழகு. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று புகும், பூஞ்சணம் பிடிக்காது. நேர் வெயில் படக்கூடாது. படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில், நிற்பவர் கண்ணுக்கு நேராக வர வேண்டும்; நம் வீடுகளில் படங்களை உத்தரத்திற்குப் பக்கத்தில் மாட்டும் வழக்கம் ஏனோ தெரியவில்லை. பிரிண்டின் பின்புறம், அட்டையில் ஒட்டுவதற்கு முன்பே, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும். எழுத வேண்டியவை: ஊர், ஆண்டு, எஞ்சினின் வகை, எண், எடுத்தவர், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்கள். தெரியாத பெயருக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டு வையுங்கள். என் படத்தின் பின்னால் அப்படி நான்கு கோடுகள் இருக்கின்றன. 1960-களில் விழுப்புரம் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூருக்கு அழைத்து வாருங்கள்.